புட்டு சாப்பிட்ட உண்ணாவிரதி

என் கையில் ஒரு வாழைப்பழம் இருந்தது. கொடுத்தவர் சில்யே, எங்கள் பள்ளியின் செவிலியர். உரிக்கச் சொல்லவில்லை, சாப்பிடச் சொல்லவில்லை. "சும்மா கையில் வைத்துக்கொள், அவசரமே இல்லை" என்று சொல்லிவிட்டு, திரி பற்றவைத்த பிறகும் வெடிக்காத பட்டாசைப் பார்ப்பதுபோல என்னையும் பழத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

மேசைமேல் ஒரு மெழுகுவர்த்தி. நேரம் என்னவோ நண்பகல்தான். ஆனால் நார்வேக்காரர்கள் கவலையான விஷயம் பேசுவதென்றால் மெழுகுவர்த்தி ஏற்றாமல் பேசமாட்டார்கள். பள்ளிக்குள் தீ கூடாது என்று விதி இருப்பதால் அது பேட்டரியில் எரிந்துகொண்டிருந்தது.

எனக்கு இடப்பக்கம் சுகந்தி ஆன்ட்டி. ஓஸ்லோவில் என்னை ஒரு வருடம் வீட்டில் வைத்துச் சோறு போட்டவர். முதியோர் இல்ல வேலையிலிருந்து நேராக வந்திருந்தார்; சீருடைக்கு மேலே குளிர்க்கோட்டு, மடியில் மூன்றடுக்கு டிபன் கேரியர். அவருக்கு அடுத்து அவர் மகள் நிலானி. பள்ளியில் கடைசி வருடம், மாணவர் மன்றத் தலைவி, அன்றைக்கு மட்டும் மொழிபெயர்ப்பாளர்.

சில்யே மெதுவாக ஏதோ கேட்டார்.

"அம்மா, ஹரிணி வீட்டில ஒழுங்காச் சாப்பிடுறவளோ எண்டு கேக்கிறா."

"சாப்பிடுறவளோவோ? நேற்றுப் பின்னேரம் மூண்டு தரம் போட்டுச் சாப்பிட்டவள் எண்டு சொல்லு. இண்டைக்குக் காலமைக்கு வைச்ச புட்டும் முடிஞ்சுது எண்டு சொல்லு!"

நிலானி ஒரு நொடி யோசித்தாள். பிறகு அப்படியே சொன்னாள். என் நார்வேஜியனுக்கு அப்போது மூன்று மாத வயது. ஆனாலும் 'மூன்று' என்ற சொல் புரிந்தது. சில்யே நோட்டில் எழுதினார். பகலில் ஒன்றுமில்லை, மாலையில் மூன்று தட்டு. அடியில் ஒரு கோடு போட்டார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு கோடு.

ஜன்னலுக்குக் கீழே ஒலிபெருக்கி கிறீச்சிட்டது. பள்ளி மைதானத்தில் மாணவர் வேலைநிறுத்தம் தொடங்கப் போகிறது. அதன் தலைவி இங்கே புட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறாள்.

இதற்கெல்லாம் காரணம் நான்தான்.

போராட்டக் கலையில் என் தகுதிகள்

சென்ற வாரம் இந்தத் தொடரில் கையுறை தொலைத்த கதையை எழுதியதும் ஒரு வாசகி கேட்டிருந்தார்: "பனியைத் தவிர அங்கே வேறெதுவும் நடக்காதா?" நடக்கும் அம்மா. நான் போனால் நடக்கும்.

பரிமாற்ற மாணவிக்கான விண்ணப்பத்தில் 'உங்கள் ஈடுபாடுகள்' என்று ஒரு கட்டம். அதில் 'சமூகப் போராட்டங்கள்' என்று எழுதியிருந்தேன். ஓவியம், நீச்சல் என்று எழுதினால் செய்துகாட்டச் சொல்வார்களோ என்ற பயம்.

திருச்சியில் நான் படித்த பள்ளியின் வரலாற்றில் ஒரே ஒரு போராட்டம். ரிப்பன் நிறத்தை மாற்றியதற்காக பதினொன்றாம் வகுப்புப் பெண்கள் ஒருநாள் பின்னலே போடாமல் வந்தோம். பி.டி. மிஸ் மைதானத்தில் நிறுத்தி, ஒருவர் தலையை ஒருவர் பின்னவைத்தார். முதல் மணி அடிப்பதற்குள் புரட்சி இரட்டைப் பின்னலாகிவிட்டது. அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் அப்பாவின் அரசியல் கொள்கையும் ஒரே வரிதான்: "கூட்டத்தப் பார்த்தா அடுத்த தெரு வழியா வா."

ஆனால் பார்வையாளராக எனக்கு அனுபவம் அதிகம். பஸ் ஸ்டாண்டு பக்கம் போடாத பந்தல் உண்டா? குறிப்பாக அடையாள உண்ணாவிரதம். காலை டிபனை முடித்துக்கொண்டு ஒன்பது மணிக்கு வந்து மெத்தையில் சாய்வார்கள். பின்னால் ஃபேன், முன்னால் மைக். மாலை ஐந்து மணிக்கு ஒரு பெரியவர் பழரசம் கொடுத்து முடித்துவைப்பார். உடம்புக்கும் கேடில்லை, கொள்கைக்கும் கேடில்லை. மனித குலம் கண்டுபிடித்த போராட்டங்களிலேயே இதுதான் மிகவும் நாகரிகமானது என்று இன்றும் நினைக்கிறேன்.

நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவது

நான் சேர்ந்த மூன்றாவது மாதம் எங்கள் பள்ளியை மூடப்போவதாகச் செய்தி வந்தது. மாணவர்கள் குறைவாம், இன்னொரு பள்ளியோடு சேர்த்துவிடலாமாம். வகுப்பில் இரண்டு பேர் அழுதார்கள். நான் வருத்தமான முகம் வைத்துக்கொண்டேன், உள்ளுக்குள் தீபாவளி. வந்த இடத்தில் எனக்கென்றே ஒரு போராட்டம்!

அன்று மாலையே மாணவர் மன்றக் கூட்டம் என்றார்கள். தொண்டை கிழியக் கத்தலாம் என்று வெந்நீர் குடித்துவிட்டுப் போனேன்.

அங்கே வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நிகழ்ச்சி நிரல் அச்சடித்து வைத்திருந்தது. முதலில் கூட்டத்தைத் தொடங்கலாமா என்று ஒரு தீர்மானம். இரண்டாவது, நிகழ்ச்சி நிரலை ஏற்பது. மூன்றாவது, போன கூட்டக் குறிப்பு. நான்காவது, குப்பைத் தொட்டி. ஐந்தாவது, பள்ளி மூடப்படுவது.

பேச வேண்டுமென்றால் ஒரு விரல் தூக்க வேண்டும். ஏற்கெனவே பேசியவருக்குப் பதில் சொல்ல இரண்டு விரல். ஆர்வத்தில் நான் முழுக் கையையும் தூக்கியதால், கழிப்பறை இடப்பக்கம் என்று ஒருவன் காட்டினான்.

துணைத்தலைவன் ஹென்ரிக், முழக்கங்களை ஆராய ஒரு குழு அமைத்தான். நான் கொடுத்த முழக்கம் 'பள்ளியை மூடாதே!' குழுவிலிருந்து அது இப்படித் திரும்பி வந்தது: 'பள்ளியை மூடுவதை மறுபரிசீலனை செய்யுங்கள்.' ஆச்சரியக்குறி யாரையாவது பயமுறுத்தலாம் என்று எடுத்துவிட்டார்களாம்.

தலைமையாசிரியரும் எட்டிப்பார்த்தார். பதவியில் இருப்பதால் வேலைநிறுத்தத்தை ஆதரிக்க முடியாது என்றார். ஆனால் ஒலிபெருக்கி தரலாம், ஒயரைச் சுருட்டி இரண்டு மணிக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்தக் கண்டிப்பில்தான் எனக்குக் கொஞ்சம் ஊர் ஞாபகம் வந்தது.

வியாழக்கிழமை பன்னிரண்டு முதல் ஒன்று வரை வகுப்புகளைப் புறக்கணிப்பது என்று முடிவானது. "சாப்பாட்டு இடைவேளையிலேயே வைத்துக்கொண்டால் என்ன?" என்று நான் கேட்டேன்.

ஹென்ரிக் இரண்டு விரல் தூக்கினான். "சாப்பாட்டு இடைவேளையில் வேலைநிறுத்தம் செய்தால் அதற்குப் பெயர் சாப்பாடு."

எல்லோரும் கை தூக்கி முடிவை ஏற்றார்கள். நிலானியின் கை மட்டும் கடைசியில் எழுந்தது.

ஒரு மணித்தியாலம்

ஏன் என்று வீட்டுக்குப் போகும் ரயிலில்தான் தெரிந்தது. நாங்கள் இறங்கும் ரொம்சோஸ் நிலையம் மலையைக் குடைந்து கட்டியது. ரயில் பாறைக்குள் நுழையும்போது காதடைக்கும். அந்தச் சத்தத்தில் நிலானி செல்போனைக் காட்டினாள்.

"என்ர ஃப்ராவேர் பார்."

வராத நேரத்தின் கணக்கு அது. ஒரு பாடத்தில் காரணச் சீட்டில்லாமல் பத்து சதவீதத்துக்கு மேல் வராமல் போனால் அந்தப் பாடத்துக்கு மதிப்பெண்ணே கிடையாது. நம்ம ஊர்போல மிஸ்ஸிடம் அழுது சரிக்கட்ட வழியில்லை. மிஸ்ஸே அழுதாலும் கணினி கேட்காது. இலையுதிர் காலத்தில் பேர்கனில் அவளுடைய சித்திக்கு ஆபரேஷன். சித்தியின் இரண்டு சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு வாரம் போயிருந்தாள். சித்திக்கு மருத்துவச் சீட்டு உண்டு. பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியவளுக்கு ஏது சீட்டு?

"கெமி எல்லையில நிக்குது. இன்னும் ஒரு மணித்தியாலம் போனால் மார்க்ஸ் இல்லை. கெமி இல்லையெண்டால் மெடிசின் இல்லை."

"வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு என்ன கிளாஸ்?"

"கெமிதான்."

"அப்போ நீ போகாத. ஹென்ரிக் பாத்துக்கட்டும்."

"தலைவி போகாத ஸ்ட்ரைக்கோ? உனக்கென்ன விசரே?"

அந்த வீட்டில் மெடிசின் என்பது ஒரு படிப்பின் பெயரல்ல, குடும்ப உறுப்பினர். சுகந்தி ஆன்ட்டி இருபது வருடமாக மருத்துவர் எழுதித்தந்த மாத்திரையைக் கிண்ணத்தில் போட்டு முதியவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். எழுதித்தருபவராக மகள் ஆகவேண்டும். அவ்வளவுதான், வேறு ஆசை கிடையாது. நகை வாங்கக்கூடப் போகமாட்டார்.

ரயில் நிற்பதற்குள் எனக்கு மின்னலடித்தது. உண்ணாவிரதத்துக்கு வகுப்பைப் புறக்கணிக்க வேண்டியதில்லையே! வேதியியல் வகுப்பில் உட்கார்ந்தபடியே பட்டினி கிடக்கலாம். வியாழனுக்குள் உண்ணாவிரதம் சூடுபிடித்துவிட்டால் வேலைநிறுத்தமே தேவைப்படாது. நிலானியின் ஒரு மணி நேரம் தப்பும்.

இதை மன்றத்தில் முன்மொழிந்தேன். ஒருத்தி, உண்ணாவிரதத்தின்போது வாஃபிள் சாப்பிடலாமா என்று உண்மையான அக்கறையோடு கேட்டாள். 'ஹரிணியின் யோசனை கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். அந்த நாட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது தெரியாது. திங்கட்கிழமை தொடங்கிவிட்டேன்.

பந்தல் இல்லாத பட்டினி

பதினொன்றரைக்கு எல்லோரும் காகிதம் சுற்றிய ரொட்டியைப் பிரிப்பார்கள். பழுப்புச் சீஸ் வாசனை கிளம்பும். நான் நடு மேசையில், கையால் எழுதிய அட்டையோடு, தண்ணீர் பாட்டிலோடு, விறைப்பாக உட்கார்ந்தேன்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. நார்வேயில் ஒருவர் என்ன செய்தாலும் அது அவருடைய சொந்த விஷயம். நான் தலைகீழாக நின்றிருந்தாலும் என் காலுக்கு வழிவிட்டுப் போயிருப்பார்கள். ஒரு பெண், "எடை குறைக்கிற விரதமா? என் அம்மாவும் இருக்கிறாள்" என்றாள். என் பக்கத்து இருக்கை சோமாலியத் தோழி மட்டும் காதோடு, "ரமலானில் விட்டுப்போன நாளை ஈடு செய்கிறாயா?" என்று கேட்டு, சூரியன் மறைந்ததும் சாப்பிட நாலு பேரீச்சம்பழம் கொடுத்தாள். அந்த மூன்று நாளில் எனக்குக் கிடைத்த ஒரே பொதுமக்கள் ஆதரவு அதுதான்.

அது அடையாள உண்ணாவிரதம் என்பதால் பள்ளி நேரத்தோடு சரி. நான்கு மணிக்கு வீட்டுக்குப் போனதும் ஆன்ட்டி செய்துவைத்த புட்டையும் உருளைக்கிழங்குக் குழம்பையும் ஒரு பிடி பிடிப்பேன். ஆன்ட்டிக்கோ ஒரே சந்தோஷம். "இந்தியாவில உங்களுக்குப் புட்டு அவிக்கத் தெரியாது போல கிடக்கு, பாவம்" என்று இன்னும் போடுவார்.

புதன்கிழமை கணக்கு ஆசிரியர் கவனித்துவிட்டார். அட்டையை அல்ல, என் சாப்பாடில்லாத மேசையை. அவர் செவிலியரிடம் சொல்ல, செவிலியர் வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பினார். 'ஹரிணியைப் பற்றிக் கவலை இருக்கிறது, வியாழன் பன்னிரண்டு மணிக்கு வந்து பேச முடியுமா?'

கவலை என்று நார்வேக்காரர் எழுதினால், வெளிநாட்டிலிருந்து குடிவந்தவர்கள் நிறைந்த ரொம்சோஸில் பாதி வீடு தூங்காது. பிள்ளை வளர்க்கத் தெரியாதவர்கள் என்று எங்கேயோ ஒரு காகிதத்தில் ஏறிவிடும் என்ற பயம். ஆன்ட்டி என்னைத் திட்டக்கூட இல்லை. தேங்காய் துருவ ஆரம்பித்தார். வீட்டில் சாப்பாடு இருக்கிறது என்பதற்குச் சாட்சி வேண்டுமாம்.

சாட்சிப் பொருள்

வியாழக்கிழமை, பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். செவிலியர் அறைக்கு ஏறும் படிக்கட்டில் ஆன்ட்டி நின்றார்.

"நிலானி, இஞ்சை வா. அம்மாக்கு நொஸ்க் தெரியாது, நான்தான் மொழிபெயர்க்கவேணும் எண்டு சொல்லு."

"என்னம்மா கதைக்கிறீங்கள்? இருபது வருசமா நோர்வேக்காரரோட தானே வேலை செய்யிறீங்கள்?"

"கதையாதை. மொழிபெயர்க்க வந்தால் உனக்குச் சீட்டுத் தருவினம். அந்த மணித்தியாலம் கணக்கில வராது. ரெண்டு கிழமையா நீ நித்திரையில கெமி, கெமி எண்டு புலம்புறாய். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சனியே?"

நிலானி கையிலிருந்த உரையைப் பார்த்தாள். ஒரு வாரமாக எழுதி எழுதி அடித்த உரை. படியிறங்கிப்போய் ஹென்ரிக்கிடம் கொடுத்துவிட்டு வந்தாள். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

சில்யேவுக்கு முதலில் தயக்கம். சொந்த மகளையே மொழிபெயர்க்க வைப்பது முறையில்லையாம். பதினெட்டு வயது ஆகிவிட்டது என்றாள் நிலானி. சரி, இன்றைக்கு மட்டும் என்று சொல்லி, "இந்த நேரத்துக்கு உனக்குச் சீட்டு எழுதித் தருகிறேன்" என்றார். ஆன்ட்டி அப்பாவியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படித்தான் வாழைப்பழமும், மூன்று தட்டுப் புட்டும், இரண்டு கோடுகளும்.

கீழே ஹென்ரிக் பேச ஆரம்பித்துவிட்டான். நிலானி எழுதியதை அவன் தண்ணீர் வராத நேரத்தை அறிவிப்பதுபோல வாசித்துக்கொண்டிருந்தான். இடையிடையே 'பத்தி இரண்டு', 'பத்தி மூன்று' என்று எண்ணும் சொன்னான். கூட்டம் மரியாதையாகக் கைதட்டியது. கையுறைக்குள் தட்டியதால் சத்தமில்லை. யாரோ, "நிலானி எங்கே?" என்று கத்துவது கேட்டது.

சில்யே, நான் என் உடம்பை நேசிக்கிறேனா என்று கேட்டார். மொழிபெயர்ப்பு வரவில்லை. திரும்பிப் பார்த்தோம். நிலானி எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"இரு, பிள்ளை," என்றார் ஆன்ட்டி. "இன்னும் கொஞ்ச நேரம்தானே. முடிஞ்சிடும்."

"அங்கை எல்லாரும் தங்கட மணித்தியாலத்தைக் குடுத்திட்டு நிக்கினம் அம்மா. அவையளைக் கூப்பிட்டதே நான்தான். சீட்டைப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு நாளைக்கு அவையளின்ர முகத்தை நான் எப்பிடிப் பாக்கிறது?"

"மெடிசின்?"

நிலானி சில்யே பக்கம் திரும்பி, நிதானமான நார்வேஜியனில் சொன்னாள்: "மன்னியுங்கள். என் அம்மா என்னைவிட நன்றாக நார்வேஜியன் பேசுவார். எனக்குச் சீட்டு வேண்டாம்."

கதவு சாத்திக்கொண்டது.

சில்யே ஆன்ட்டியைப் பார்த்தார். ஆன்ட்டி டிபன் கேரியரை மேசைமேல் 'டங்'கென்று வைத்தார். பிறகு பேசினார் பாருங்கள்! நார்வேக்காரர்களே மூச்சு வாங்கும் வேகம். அடையாள உண்ணாவிரதம் என்றால் என்ன, அது ஏன் நாலு மணியோடு முடியும், பசித்த பெண் மூன்று தட்டு சாப்பிடுவதில் என்ன நோய், இந்தியப் பிள்ளைகளுக்கு எதையும் பந்தல் போட்டுச் செய்தால்தான் திருப்தி... நான்கு நிமிடத்தில் என் வழக்கு தள்ளுபடியானது. சில்யே கோடு போட்ட பக்கத்தைக் கிழித்துவிட்டு, கேரியரின் மேலடுக்கைக் காட்டி, இதை எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டார்.

ஆன்ட்டி அதற்குள் ஜன்னலுக்குப் போயிருந்தார்.

கீழே

நான் படிகளில் ஓடினேன். மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. நிலானி கையில் ஒலிவாங்கி இருந்தது, காகிதம் இல்லை. பள்ளி எவ்வளவு நல்லது என்றெல்லாம் அவள் பேசவில்லை. யார் யார் எத்தனை ரயில் மாறி அடுத்த பள்ளிக்குப் போக வேண்டியிருக்கும், யார் வீட்டில் சின்னத் தம்பி தங்கைகளைக் கூப்பிட்டு வர ஆளில்லை என்று ஒவ்வொருவர் பெயராகச் சொன்னாள். கூட்டம் கையுறையைக் கழற்றித் தட்டியது. கடைசியில், குழு நிராகரித்த என் முழக்கத்தை அவள் எடுத்துவிட, ஹென்ரிக்கே ஆச்சரியக்குறியோடு கத்தினான். நானும் கத்தினேன். நிஜப் பசியும் அப்போதுதான் எடுத்தது.

மேலே பார்த்தேன். ஜன்னல் கண்ணாடியில் ஆன்ட்டியின் உள்ளங்கை பதிந்திருந்தது.

சரியாகப் பன்னிரண்டு இருபதுக்கு வேதியியல் ஆசிரியர் ஆர்னே மைதானத்துக்கு வந்தார். தலையில் கம்பளித் தொப்பி, கோட்டில் 'நம் பள்ளியைக் காப்போம்' பேட்ஜ், ஒரு கையில் குடை, இன்னொரு கையில் திறந்த மடிக்கணினி. வகுப்பறையில் ஒருவருமில்லை என்பதால், யார் யார் வரவில்லை என்று தெரிந்துகொள்ள வந்திருந்தார். இங்கே ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்; ஒளிவதற்கு ஒரு 'சார்'கூட மிச்சமில்லை.

அவர் அகர வரிசையில் பெயர்களை வாசித்தார். மாணவர்கள் ஒவ்வொருவராகக் கை தூக்கி "இருக்கிறேன்" என்றார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் நன்றி சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விசையைத் தட்டினார். முழக்கம் தானாக அடங்கி, மழைச் சத்தமும் அந்த விசைச் சத்தமும் மட்டும் கேட்டன.

"நிலானி?"

அவள் இன்னும் மேடையில்தான் இருந்தாள். குனிந்து நின்றால் முன்னால் இருந்த தலைகள் மறைத்திருக்கும். ஒரு கணம் மேல்மாடி ஜன்னலைப் பார்த்தாள். பிறகு ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனாள்.

"இருக்கிறேன்."

மைதானம் முழுக்க அது எதிரொலித்தது. ஆர்னே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "நல்ல பேச்சு, நிலானி" என்றார். உண்மையாகவே சொன்னார், குரல்கூட லேசாகத் தழுதழுத்தது.

பிறகு, வரவில்லை என்று குறித்துக்கொண்டார்.